நெல்லறைக்குப் பூசிய மண்

அக்னி நட்சத்திரம் தொடங்கி நாலாம் நாள் அந்த வீட்டு வேலைக்குப் போனோம். வலங்கைமானிலிருந்து குடமுருட்டிப் பாலம் தாண்டி உள்ளே இரண்டு மைல். ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மேட்டூர் திறக்க இன்னும் ஒரு மாதம் கிடந்தது. வயலெல்லாம் வாய் பிளந்து கிடந்தது.

சாமிதுரை மேஸ்திரி மொபெட்டில் முன்னால் போனார். ஏசியும் ஃபால்ஸ் சீலிங்கும் போடுகிற ஃபாஜிலும் நானும், சாமான் ஏற்றிய குட்டியானை வண்டியில் பின்னால். நான் சித்தாள். முப்பது வருடமாகக் கலவை சுமந்த இடுப்பு, வண்டி குலுங்கும் போதெல்லாம் தன்னை ஞாபகப்படுத்திக்கொண்டு வந்தது.

வீடு பெரியது. நாட்டு ஓடு, நடுவில் முற்றம், இரண்டடி தடிமனில் சுவர். தோஹாவில் வேலை பார்க்கும் சூர்யபிரகாஷ் ஒரு மாத லீவில் வந்திருந்தார். அவருடைய அப்பா பஞ்சநதம் கூடத்தில் சாய்வு நாற்காலியில் கிடந்தார். எழுபத்தேழு வயது. நெஞ்சுக்குள் சளி கட்டி, ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு சீட்டி ஒலி வரும். போன கோடையில் இரண்டு முறை ஆஸ்பத்திரி போய்த் திரும்பியவர். இந்தக் கோடையை அவர் தாண்டவேண்டும். அதற்குத்தான் இந்த வேலை.

"கூடத்துல ஏசி போட்டுப் பாத்தாச்சு மேஸ்திரி. குளிர் பூரா ஓட்டு வழியா வானத்துக்குப் போவுது. மீட்டர் மட்டும் ராட்டினம் மாதிரி சுத்துது. ஒரே ஒரு ரூம எடுத்துக்குவோம். கசிவே இருக்கக் கூடாது. கொஞ்ச கரண்டுல நாள் பூரா சில்லுனு இருக்கணும்" என்றார் சூர்யபிரகாஷ்.

"அடைச்சா மட்டும் போதாதுங்க, உள்ள இருக்கிற ஆளு மூச்சு விடணும்ல?" என்றார் ஃபாஜில். "கீழ ஒரு துவாரம், புதுக் காத்து வர. மேல ஒரு துவாரம், சின்ன ஃபேன் வச்சு, பழைய காத்து போவ. மத்தது எல்லாத்தையும் இறுக்கிடலாம்."

"எந்த ரூமு?" என்று மேஸ்திரி கேட்டார்.

"பின்கட்டுல பழைய நெல்லறை. சுத்தியும் தடிச்ச சுவரு, ஜன்னலே கெடையாது. அதத்தான்..."

"அது வேணாம்டா."

பெரியவர் கண்ணைத் திறக்காமலேயே சொன்னார். மகன் சிரித்தார்.

"ஏன்ப்பா? நெல்லா இருக்கு அங்க? நாப்பது வருஷமா சும்மாதான கெடக்கு."

பெரியவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். மார்பு மட்டும் சீட்டியடித்துக்கொண்டிருந்தது.

நெல்லறைக் கதவை நானும் மேஸ்திரியும் சேர்ந்து தள்ளித் திறந்தோம். உள்ளே கரி போல இருட்டு. வெளியே உடம்பைப் பொசுக்குகிற வெயில், உள்ளே கால் வைத்ததும் முழங்கால் வரை குளிர்ந்தது. நல்ல குளிர்ச்சி இல்லை அது. கிணற்றுக்கு அடியில் இருக்கிற குளிர்ச்சி. ஒரு வாடையும் இருந்தது. அழுகிய பூண்டும் பழைய மீனும் கலந்த வாடை.

"மாத்திர வாடை," என்றார் மேஸ்திரி. "அந்தக் காலத்துல நெல்லுல வண்டு விழாம இருக்க மாத்திர போட்டு அடைப்பாங்க. ஒரு ஊசி எடம் விடாம மண்ணு பூசிருவாங்க. தப்பித்தவறி உள்ள போனா ஆளு காலி."

"நாப்பது வருஷமா ஒரு வாடை நிக்குமா மேஸ்திரி?"

"நீ குளிக்காம வந்திருப்ப."

உச்சியில் இருந்த துவாரத்தில் பழைய மண் அடைப்பு அப்படியே இருந்தது. சாரத்தில் ஏறி உளியால் பெயர்த்தேன். ஒரே கட்டியாகக் கையில் வந்தது. வெளிப்பக்கம் கோணல்மாணலாகப் பூசியிருந்தார்கள். பழக்கமில்லாத கை. உள்பக்கத்தைத் திருப்பினேன்.

உள்பக்கம் சுரண்டியிருந்தது. நாலைந்து கோடுகள், ஆழமாக, ஒன்றன்மேல் ஒன்றாக.

"எலி," என்றார் மேஸ்திரி கீழிருந்து.

தரையிலிருந்து பதினோரு அடி உயரம். நெல் குவிந்திருந்தால் அதன்மேல் ஏறி நின்று தொடலாம். நான் கட்டியைக் கூடையில் போட்டேன்.

மூன்று நாளில் வேலை வேகமாக நடந்தது. ஓட்டுக்குக் கீழே கண்ணாடிப் பஞ்சை அடுக்கினோம். அதன் தூள் பட்டு உடம்பெல்லாம் அரித்தது. அதற்குக் கீழே சீலிங் பலகை. கதவைச் சுற்றி ரப்பர். கீழே வடக்குச் சுவரில் ஒரு குழாய், மேலே தெற்குச் சுவரில் சின்ன ஃபேன். ஃபேனைப் போட்டு வாசலில் ஒரு நூலைப் பிடித்தார் ஃபாஜில். நூல் உள்ளே இழுபட்டுப் பறந்தது.

"பாத்தீங்களாக்கா? ரூமு மூச்சு விடுது."

மறுநாள் காலை வந்தபோது அறை மூச்சு விடவில்லை.

இரண்டு துவாரத்தையும் யாரோ அடைத்திருந்தார்கள். களிமண்ணும் உமியும் பிசைந்து, மூன்று விரலால் இழுத்து இழுத்துப் பூசியிருந்தார்கள். விளிம்பில் ஒரு பிசிறு இல்லை. நான் இத்தனை வருடத்தில் பார்த்ததிலேயே சுத்தமான பூச்சு. மண் இன்னும் ஈரமாக இருந்தது.

"ஏன் ராமாயி, கைக்கு வேல பத்தலையா?" என்றார் மேஸ்திரி.

"நான் பூசுனா இப்புடியா இருக்கும்? முப்பது வருஷமா என் பூச்சத் திட்டுறது யாரு?"

"அதுவும் சரிதான்," என்றார் அவர். பிறகு அவர் சிரிக்கவில்லை.

ஊரில் எந்தக் குட்டையிலும் தண்ணீர் இல்லை. இந்த ஈர மண் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. பெயர்த்து எறிந்தோம். மறுநாளும் அதே பூச்சு. ஃபாஜிலுக்குத் தலைவலியும் குமட்டலும் வந்தது. ஏசியை மாட்டி முடித்த கையோடு, "மீதிய நீங்க பாத்துக்கங்க மேஸ்திரி. எனக்கு இந்த வாடை ஒத்துக்கல" என்று கிளம்பிவிட்டார். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா, நான் ஸ்க்ரூ முடுக்கிட்டு இருந்தப்ப உள்ள யாரோ இருமுனாங்க. பொம்பள."

அன்று உச்சிவேளை. மேஸ்திரி சாப்பிடப் போயிருந்தார். சீலிங்கில் ஒரு பலகை மட்டும் பாக்கி. அந்த இடைவெளி வழியாக மேலே தலையை விட்டு, மூலையில் பஞ்சைத் திணித்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு காக்கைச் சத்தம்கூட இல்லை. பஞ்சு எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிட்டது. என் மூச்சு மட்டும் காதுக்குள் கேட்டது.

பிறகு இன்னொரு மூச்சு கேட்டது.

சுவரில் சர்ரென்று ஒரு சத்தம். சற்று நின்று, மறுபடி சர்ர்.

சுவரில் மண் பூசுகிற சத்தம். அது எனக்குத் தெரியாத சத்தமா?

தலையைக் கீழே இழுத்து, அறைப் பக்கம் திருப்பினேன். மேல் துவாரத்தில், ஃபேனின் இறக்கைகளுக்கு நடுவே, மூன்று விரல்கள். நகமில்லாத விரல்கள். அவை ஈர மண்ணை நிதானமாக இழுத்துவிட்டன, வேலை தெரிந்த கை இழுப்பதைப் போல.

காதோரத்தில் மெதுவான குரல். கூட வேலை பார்க்கிறவள் கேட்கிற மாதிரியே.

"இன்னுங் கொஞ்சம் தண்ணி விடு. இறுகுது."

சாரத்திலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கூடத்தில் போய் விழுந்தேன். பெரியவர் என் முகத்தைப் பார்த்தார். தண்ணீர்ச் சொம்பைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

"வந்துட்டாளா?"

நான் குடிக்கவில்லை. "யாருங்கய்யா?"

மகன் வாசலில் போனில் பேசிக்கொண்டிருந்தார். பெரியவர் அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டு, சீட்டிக்கு நடுவே சொன்னார். துண்டு துண்டாகத்தான் வந்தது.

"வள்ளியம்மை. வருஷா வருஷம் இந்த நெல்லறைக்கு மண்ணு பூசுனவளே அவதான். அந்தத் தை மாசம் களத்துலேந்து ரெண்டு படி நெல்ல மடியில கட்டிக்கிட்டா. புடிச்சிட்டேன். ராத்திரி பூரா உள்ள கெடக்கட்டும், காலையில ஆளுங்களுக்கு முன்னாடி வச்சு அவுத்து விடலாம்னு நெல்லறையில போட்டுப் பூட்டுனேன்."

நான் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். களத்து வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது, கண்காணி முன்னால் முந்தானையை உதறிக் காட்டிவிட்டுத்தான் நானும் போயிருக்கிறேன்.

"விடியக்காலம் எங்க அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். திருக்கடையூருக்கு மூணு காரு கெளம்புச்சு. அந்தப் பரபரப்புல மறந்துட்டேன். அன்னிக்குத்தான் மாத்திரக்காரனையும் வரச் சொல்லியிருந்தேன். அவன் ஏணி வச்சு ஏறி மேலேந்து போட்டுட்டான். பூசுறதுக்கு வள்ளியம்மையக் காணோம்னு கூட வந்தவனே பூசிட்டான். உள்ள தட்டுற சத்தம் கேட்டுருக்கு. பெருச்சாளின்னு சொல்லிச் சிரிச்சிருக்கானுவ."

"நீங்க மறந்துதானய்யா போனீங்க?"

அவர் மகன் நின்ற வாசல் பக்கம் மறுபடி பார்த்தார்.

"அங்க கலசத் தண்ணி ஊத்துறப்ப ஞாபகம் வந்துருச்சு. பக்கத்துக் கடையில போனு இருந்துச்சு. நடுவுல எந்திரிச்சா அப்பாவுக்கு ஆகாதுன்னுவாங்க. ஏன் எந்திரிச்சேன்னும் சொல்லணும். உக்காந்துட்டேன். எல போட்டாங்க, சாப்ட்டேன். சாயங்காலம் வந்தேன்."

"வந்து?"

"ஏழு நாளைக்குத் தொறக்கக் கூடாதுன்னு மாத்திரக்காரன் சொல்லிட்டுப் போயிருந்தான்."

நான் அவரையே பார்த்தேன்.

"ஏழு நாள் கழிச்சுத் தொறந்தேன்," என்றார் பெரியவர். "ஊர்ல, அவ திருப்பூர் பக்கம் ஓடிட்டாள்னு சொன்னேன். ஆத்துப் படுகையில..." கையால் ஆற்றுப் பக்கம் காட்டினார்.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். எலும்பும் தோலுமான கை. "அவன்கிட்ட சொல்லிடாத. எம் மவன் என்னைய சாமி மாதிரி நெனச்சுக்கிட்டு இருக்கான். ரூம மட்டும் மாத்தச் சொல்லு."

காரணம் சொல்லாமல் எப்படி மாற்றச் சொல்வது? இருந்தும் மகனிடம் போய்ச் சொன்னேன்.

"தம்பி, ஐயாவுக்கு அந்த அறைன்னா பயமா இருக்காம்ங்க. வேற எடம் பாருங்களேன்."

"அக்கா, ஹீட்டுல அவருக்கு மூளை கொழம்புது. நாளைக்கு நாப்பத்திரெண்டு டிகிரிங்கறாங்க. டாக்டர் என்ன சொன்னாரு தெரியுமா? இந்த மூச்சோட இன்னொரு வெயில் தாங்க மாட்டாராம். நான் அடுத்த வாரம் ஃப்ளைட் ஏறணும்."

"அப்ப கதவையாச்சும் தொறந்து..."

"கதவத் தொறந்து வச்சா இவ்ளோ வேல எதுக்குக்கா பாத்தோம்? அத்தன குளிரும் வெளிய ஓடிரும்."

அவர் சொன்னதிலும் தப்பில்லை.

மறுநாள் பதினோரு மணிக்குப் பெரியவரைக் கைத்தாங்கலாக நெல்லறைக்குள் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். ஏசி சத்தமில்லாமல் ஓடியது. காலையிலேயே நானும் மேஸ்திரியும் சீலிங்கின் பாக்கிப் பலகையை மாட்டி, இரண்டு துவாரத்தையும் சுத்தமாகப் பெயர்த்து, ஃபேனைப் போட்டுப் பார்த்திருந்தோம். பெரியவர் மகனைப் பார்த்தார். வாயைத் திறந்தார். சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"நல்லா இருக்குப்பா," என்றார் மகனிடம்.

ஏசிக்கு ஸ்டெபிலைசர் வாங்க மகனும் மேஸ்திரியும் கும்பகோணம் கிளம்பினார்கள். "ராமாயிக்கா, அப்பாவப் பாத்துக்கங்க" என்று போகும்போது சொன்னார். அறைக்குள் இருந்து பெரியவர் என்னை அழைத்தார்.

"கதவுகிட்டயே இரும்மா. தட்டுனா தொறந்துரு."

"தொறக்கிறேங்கய்யா."

கதவைச் சாத்தினேன். ரப்பர் பதிந்து, சப்பென்று ஒட்டிக்கொண்டது.

கடப்பாரையைச் சுவரோரம் சாத்திவிட்டு, கதவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். முற்றத்தில் வெயில் வெள்ளையாகக் கொதித்தது. பன்னிரண்டு மணி இருக்கும். நான் தூங்கவில்லை. கண் இமைக்கக்கூட இல்லை.

முதலில் வாடை வந்தது. பூண்டும் மீனும்.

பிறகு கதவின் அடிப்பக்கம் கருத்தது.

கண்ணெதிரிலேயே ஈர மண் கோடு ஒன்று நிலைவாசலுக்கும் கதவுக்கும் நடுவே மெல்ல மேலே ஏறியது. கை தெரியவில்லை. விரல் பதிவு மட்டும் மூன்று மூன்றாக விழுந்துகொண்டே போனது.

சர்ர். சர்ர்.

நாலு பக்கமும் மூடி முடிந்தது. உள்ளே ஓடிய ஃபேன் சத்தம் நின்றது.

உள்ளிருந்து தட்டினார்.

"ராமாயி. கதவத் தொற."

கடப்பாரையை எடுத்துக் குத்தினேன். மண் பொலபொலவென்று விழுந்தது. விழுந்த இடத்தில் புது மண் ஏறியது. மறுபடி குத்தினேன். மறுபடி ஏறியது. என் கைக்குக் கை, வேகத்துக்கு வேகம். உள்ளே தட்டல் பலமானது. சீட்டி கதவைத் தாண்டிக் கேட்டது.

"அம்மா தாயே! தொறந்துரும்மா!"

இன்னும் நாலு குத்து. ஓரத்தில் விரல் நுழையும் அளவு விட்டது. அதில் கடப்பாரையை நுழைத்து நெம்பினால் கதவு வந்துவிடும். எனக்கு அது தெரியும். நெம்பக் குனிந்தேன்.

அப்போது என் தோளுக்கு மேலே அவள் பேசினாள். கோபமில்லாத குரல். அதுதான் தாங்க முடியவில்லை.

"அன்னிக்கு நான் தட்டுனப்ப ஒருத்தருக்கும் கேக்கல. இன்னிக்கு உனக்கு மட்டும் கேக்குதா?"

கடப்பாரை என் கையிலேயே இருந்தது.

உள்ளே தட்டினார்.

நெம்பியிருக்கலாம். பயத்தில் கை ஓடவில்லை என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். இங்கே அப்படி எழுத மாட்டேன். பயம் இருந்தது. ஆனால் கை ஓடியிருக்கும். கலசத் தண்ணீர் ஊற்றும்போது ஞாபகம் வந்து, இலை போட்டதும் சாப்பிட்ட ஒரு வாய் என் கண்முன் மென்றுகொண்டே இருந்தது.

கடப்பாரையைச் சுவரில் சாத்தினேன்.

உள்ளே தட்டினார்.

"பெருச்சாளி," என்று சொன்னேன். என் வாய்தான் சொன்னது.

விரல் நுழைந்த அந்த ஓரத்தையும் மண் வந்து மூடியது. தட்டல் மெலிந்தது. பிறகு கதவைச் சுரண்டுகிற சத்தம். நகம் மரத்தில் இழுபடுகிற சத்தம், வெகுநேரம். பிறகு அதுவும் இல்லை.

காதுக்குப் பக்கத்தில் ஒரு மூச்சு விடப்பட்டது. நாற்பது வருடம் அடக்கி வைத்திருந்து விட்ட மூச்சு போல நீளமாக இருந்தது.

"பாதி வேல உன்னுது," என்றாள்.

கதவு தானாக, லேசாக, ஒரு கை அகலம் திறந்தது. குளிர்ந்த காற்று என் காலில் பட்டது. நிலையில் மண் இல்லை. துவாரங்களில் மண் இல்லை. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பெரியவர் கதவடியில் குப்புறக் கிடந்தார். பத்து விரல் நுனியிலும் ரத்தம்.

மூச்சு அடைத்துப்போனதாக டாக்டர் எழுதிக்கொடுத்தார். அந்த நெஞ்சுக்கு அது ஆச்சரியமில்லை என்றார். விரல்களைப் பார்த்து ஏதோ கேட்க வந்தவர், கேட்காமல் போனார்.

சூர்யபிரகாஷ் என் முன்னால் உட்கார்ந்து குழந்தை போல அழுதார். "அப்பா கூப்புடவே இல்லையாக்கா? ஒரு தட்டு கூடத் தட்டலையா?"

"எனக்கு ஒண்ணுமே கேக்கல தம்பி."

அவர் அதை நம்பினார். அப்பாவைச் சாமியாகவே நினைத்துக்கொண்டு விமானம் ஏறினார்.

அதற்கப்புறம் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்த அறையை அடைக்கப் போனாலும், கடைசித் துவாரத்தை மூடுவதற்கு முன்னால் வாயை வைத்து மூன்று தடவை குரல் கொடுப்பேன். மேஸ்திரி கேலி செய்வார். "காலி ரூம்ல யாரக் கூப்புடுற, ஓம் மாமியாளையா?" சொல்லிவிட்டுப் போகட்டும். பதில் வராத அமைதியைக் கேட்டால்தான் என் கைக்கு வேலை ஓடுகிறது.

நேற்று தாராசுரத்தில் ஒரு வீடு. இன்னும் யாரும் குடிவராத புது வீடு. மாடியில் ஏசி போடுகிற அறையைத் தரையிலிருந்து சீலிங் வரை நானே பெருக்கித் துடைத்து, நானே கதவைச் சாத்தியிருந்தேன். சுவரில் ஒரு பழைய துளை மட்டும் அடைக்கப் பாக்கி. பட்டப்பகல். கலவை குழைத்துக் கையில் எடுத்துக்கொண்டு, துளையில் வாயை வைத்தேன்.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

ஒன்றுமில்லை.

"இருக்கீங்களா?"

ஒன்றுமில்லை.

"உள்ள யாரு?"

நாள் வேலை முடிந்து உட்கார்ந்தவளின் அலுப்போடு, மிக அருகில், பதில் வந்தது.

"நாந்தான் இருக்கேன். நீ பூசு."